மத்தளத்துக்கு ஒரு பிடி ரவை

1

நான் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் கப்பலைவிட்டு இறங்கி இன்றோடு மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அதைச் சொல்லி என் கணவர் காலையில் கோழிக் குழம்பு கேட்டார். எனக்கு அடுப்படியில் நிற்கவே மனம் இல்லை. இன்று வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை காலையில் முனியாண்டி அண்ணன் எங்கள் பின்கதவுக்கு வந்து ஒரு பிடி ரவை வாங்கிக்கொண்டு போவார்.

வந்தார். வழக்கம்போலப் படிக்கு வெளியே நின்றார். கையில் துரையின் கையெழுத்துப் போட்ட சீட்டு. துரை என்றால் தோட்ட நிர்வாகியான வெள்ளைக்காரர். ஆங்கிலத்தில் இருக்கும் அந்தச் சீட்டைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: ‘இதைக் கொண்டுவருபவர், மத்தளத்தின் உபயோகத்துக்கு மட்டும், ஒரு பிடி ரவை வைத்திருக்கலாம்.’

ஊரில் இருக்கும் நீங்கள் சிரிப்பீர்கள். இங்கே அந்தச் சீட்டைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை.

ரவையைத் துணியில் முடிந்துகொண்டு, போகாமல் நின்றார். “டீச்சர், ஒன்னு கேக்கணும். என்னையப் போலீசுல போட்டுக்குடுத்தது மண்டோர் சன்னாசிதானே? நீங்க படிச்சவுங்க. ஸ்டேசனுக்கெல்லாம் போய்ப் பேசுனவுங்க. ஒங்களுக்குத் தெரியாமயா இருக்கும்?”

“எனக்குத் தெரியாதுண்ணே” என்றேன்.

அது பொய். யார் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் ஊர்ப் பத்திரிகைக்கு இதை எழுத உட்கார்ந்தேன்.

2

எங்கள் தோட்டம் கோல சிலாங்கூரிலிருந்து வடக்கே, சுங்கை பெசார் போகும் பாதையில் உள்ளே தள்ளி இருக்கிறது. பத்தாங் காலிப் பக்கம்போல மலையும் காடும் நெருங்கி நிற்கும் இடம் அல்ல. ஒரு புறம் சதுப்பு, மறு புறம் ரப்பர் மரங்கள். ஆனால் அவசரகாலம் எல்லாத் தோட்டத்துக்கும் ஒன்றுதான். முன்பு நாலு இடங்களில் சிதறிக் கிடந்த லயங்களை, அதாவது வரிசை வீடுகளை, ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து சுற்றிலும் முள்கம்பி போட்டுவிட்டார்கள். ஒரே ஒரு கேட். விடிந்தால் திறப்பார்கள், பொழுது சாய்வதற்குள் மூடுவார்கள்.

மரம் வெட்ட, அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்க, போகிறவர்கள் கேட்டில் வரிசையாக நிற்க வேண்டும். ஆண்கள் மடியை அவிழ்த்துக் காட்ட வேண்டும், பெண்கள் முந்தானையை உதற வேண்டும். தண்ணீரைத் தவிர, வாயில் போடும் எதுவும் வெளியே போகக்கூடாது. போனால் காட்டில் துப்பாக்கியோடு ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டு ஆட்களுக்குப் போகிறது என்று பொருள். பிடிபட்டவர் மேல் வழக்குக்கூட வேண்டாம், அடைத்து வைக்கலாம். பிறகு கப்பலேற்றியும் விடலாம்.

இதில் கொடுமை கம்பியோடு நிற்கவில்லை. கம்பிக்குள்ளே இருப்பவர்களின் கண் மாறிவிட்டது. ஒருத்தி கூடுதலாக ஒரு பால் டின் வாங்கினால் பக்கத்து வீட்டுக்காரி எண்ணிப் பார்க்கிறாள். ஒருவன் வேலையிலிருந்து பத்து நிமிடம் பிந்தி வந்தால், எந்த வழியாக வந்தான் என்று பேசுகிறார்கள். நானும் அப்படிப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். படித்தவள் என்பதால் கொஞ்சம் நன்றாகவே கற்றுக்கொண்டேன் என்று இப்போது நினைக்கிறேன்.

முசிறிப் பக்கத்தில் எங்கள் தெருவில் தன் பெயரைக் கையெழுத்தாகப் போட்ட முதல் ஆள் நான். எட்டாவது முடித்து ஆசிரியப் பயிற்சியும் முடித்தவள். கணவர் இந்தத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரசர், காயம் கட்டி மருந்து கொடுப்பவர். எங்கள் வீடு கம்பிக்குள்ளே, லயத்தின் கடைசியில் இருக்கிறது. நான் பாடம் சொல்லும் பள்ளிக்கூடம் கேட்டுக்கு வெளியே, ஆபீசுக்குப் பக்கத்தில். நானும் பிள்ளைகளும் தினமும் கேட்டைத் தாண்டித்தான் போய் வருகிறோம்.

3

பள்ளி ஒரு மணிக்கு முடியும். அப்புறம் பிள்ளைகள் கம்பிக்குள் அடைந்து கிடப்பார்கள். முன்பெல்லாம் ஆற்றுக்கு, கோயில் மேட்டுக்கு ஓடியவர்கள். இப்போது கேட்டருகே நின்று போலீஸ்காரர்களிடம் மலாய் பேசிப் பழகினார்கள். என் மூன்று வயது மகளே பாலுக்கு ‘சூசு’ என்றுதான் அழுகிறாள். இவர்கள் நம்மைவிட்டு நழுவுகிறார்கள் என்ற பயம் எனக்கு வந்தது. பாட்டுச் சொல்லிக் கொடுக்கலாம் என்று தோன்றியது. ஆனால் எனக்குப் பாட வராது. புத்தகத்தில் சுரம் எழுதியிருந்தால் வாசிப்பேன், அவ்வளவுதான்.

அதனால் லயத்தில் யாருக்கு என்ன தெரியும் என்று விசாரித்தேன். மரம் வெட்டும் ராயப்பன் சிற்றாலயத்தில் ஆர்மோனியம் வாசிப்பவர். புல் வெட்டும் சின்னப்பொண்ணு அக்காளுக்குக் கும்மியும் தெம்மாங்கும் கணக்கில்லாமல் தெரியும். ஆலையில் ரப்பர் தாள்களைப் புகையில் உலர்த்தும் முனியாண்டி அண்ணன், ஒரு நாடகக் கம்பெனியில் மிருதங்கம் வாசித்தவர். லயத்தில் அதை மத்தளம் என்பார்கள். மூவரும் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்.

பெரிய கிராணி, அதாவது ஆபீசின் தலைமைக் கணக்கர், என்னைக் கூப்பிட்டு எச்சரித்தார். “அஞ்சு பேருக்கு மேல ஒரே இடத்தில் கூடினால் என்னைக் கேட்பார்கள். நான் உங்களைக் கேட்பேன்.”

சரி, ஐந்து பேர். ஒரு பெரியவருக்கு நாலு பிள்ளைகள் என்று பிரித்தேன். ஒவ்வொரு நாலும் ஒவ்வொரு வீட்டு வாசலில். ஒரு நாலு கற்றுக்கொண்டதும், அதில் கெட்டிக்காரப் பிள்ளை இன்னொரு நாலுக்குச் சொல்லித்தர வேண்டும். சந்தேகத்துக்குப் பயந்து போட்ட கணக்கு அது. ஆனால் நாற்பது பேரை உட்காரவைத்து நான் நடத்தும் வகுப்பைவிட நன்றாக நடந்தது. நாலு பேரில் ஒருவர் தப்பினால் உடனே தெரிந்துவிடுகிறது, ஒளிந்துகொள்ள இடம் இல்லை.

மிருதங்கத்தில் முந்தியவள் சின்னப்பொண்ணு அக்காளின் மகள் செல்லி. பத்து வயது. அது மண்டோர் சன்னாசிக்குப் பிடிக்கவில்லை. மண்டோர்தான் வேலையாட்களை மேய்ப்பவர்.

“பொட்டப்புள்ள மத்தளத்த மடியில வச்சிக்கிட்டுத் தட்டுது, நல்லாவா இருக்கு டீச்சர்?” என்றார்.

செல்லி விடவில்லை. “ஒங்க மக பவளம் ஆர்மோனியம் அமுக்குறா, அது மட்டும் நல்லாருக்கா மாமா? அவ அமுக்குனா பூனய மிதிச்ச மாதிரில்ல கத்துது!”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மண்டோர் சிரிக்கவில்லை. அதை நான் மனத்தில் குறித்துக்கொண்டேன்.

4

முனியாண்டி அண்ணனையும் குறித்துக்கொண்டிருந்தேன். ஜப்பான்காரன் காலத்தில் மூன்று வருடம் அவர் எங்கே இருந்தார் என்று யாருக்கும் தெரியாது. கேட்டால் “அங்கிட்டும் இங்கிட்டும்” என்பார். குடும்பம் இல்லை. ஆலை கம்பிக்கு வெளியே இருப்பதால் தினமும் கேட்டைத் தாண்டுகிறவர். இப்படிப்பட்டவர் வாரம் தவறாமல் என் பின்கதவில் நின்று, “ஒரு பிடி ரவ இருந்தா குடுங்க டீச்சர்” என்பார். நோயாளிக் கஞ்சிக்காக எங்களுக்கு ரவை கிடைக்கும் என்பது அவருக்குத் தெரியும்.

எதற்கு என்று நான் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்பதை இங்கே நேர்மையாகச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் மிருதங்கம் இருந்த தெருவுக்குள் எங்கள் ஆட்கள் போக முடியாது. எங்கள் தெருவில் இருந்தது வேறு மேளம். அதற்கு வைக்கோலைக் கொளுத்திச் சூடு காட்டுவார்கள், தோல் இறுகும். மேளத்துக்கு நெருப்பு வேண்டும் என்பது எனக்குத் தெரியும். மாவு வேண்டும் என்பது தெரியாது. மிருதங்கத்தை நான் கிட்டத்தில் பார்த்ததே இந்தத் தோட்டத்தில்தான். அதைப் பற்றி ஒரு ஆலைத் தொழிலாளியிடம் கேட்டு, டீச்சருக்கு இது தெரியாதா என்று அவர் நினைத்துவிட்டால்? அந்தக் கூச்சத்தில் ரவையைக் கொடுத்தேன், வாயை மூடிக்கொண்டேன். கண்ணை மூடவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பெரிய கிராணியின் மனைவி முதல் தடவையாக என்னைத் தேநீருக்கு அழைத்தார். கிராணி வீட்டில் டிரசர் மனைவிகள் உட்காருவது வழக்கமில்லை. என்னை நாற்காலியில் உட்காரவைத்து, பூப்போட்ட கோப்பையில் தேநீர் கொடுத்தார். நான் நிறையப் பேசினேன். லயத்துக் கதைகளைச் சொன்னேன். அவர் சிரித்தார். அவர் சிரிக்கச் சிரிக்க நான் இன்னும் சொன்னேன்.

5

பாட்டு வகுப்பைப் பள்ளிக்கூட நேர அட்டவணையில் சேர்க்கக் கல்வி இலாகாவுக்கு மூன்று விண்ணப்பம் எழுதினேன். முதலாவது, துரையின் கையெழுத்து இல்லை என்று திரும்பியது. இரண்டாவது, கூடும் நபர்களின் அடையாள அட்டை எண் இல்லை என்று திரும்பியது. பன்னிரண்டு வயதுக்குக் கீழே அட்டையே கிடையாது என்று மூன்றாவதில் எழுதினேன். அதற்குப் பதிலாகப் பள்ளி ஆய்வாளர் ஒருவர் நேரில் வந்து கேட்பதாகக் கடிதம் வந்தது. அவர் சரி என்றால் வகுப்பு நிலைக்கும். இல்லையென்றால் வீட்டு வாசல் வகுப்பும் நின்றுவிடும். துரை அப்படித்தான் சொல்லியிருந்தார்.

ஆய்வாளர் வந்த அன்று காலை மிருதங்கம் முதல் தடவையாகக் கேட்டைத் தாண்டியது. உறையில் போட்டுச் செல்லி தோளில் மாட்டியிருந்தாள். வழக்கமாகப் பிள்ளைகளின் புத்தகப் பையை மட்டும் தொட்டுப் பார்க்கும் போலீஸ்காரர், நேரே அவளிடம் வந்து உறையை அவிழ்த்தார். எதைத் தேடுகிறோம் என்று தெரிந்து தேடும் கை அது. உறையின் அடியில் வாழையிலைப் பொட்டலம். அதற்குள் எலுமிச்சம்பழ அளவு பிசைந்த ரவை.

“அப்பா இனி?” என்றார். என்ன இது?

செல்லிக்குத் தெரிந்த மலாய் கேட்டடியில் கற்றதுதான். பயமில்லாமல் சொன்னாள்: “இத்து கெண்டாங் புஞ்ஞா மாக்கான்.” அது மத்தளத்தோட சாப்பாடு.

சாப்பாடு என்ற சொல் போதுமாக இருந்தது. அவர் முகம் இறுகிவிட்டது. “யார் தந்தது?” “முனியாண்டி மாமா.” அவர் என்னைப் பார்த்து, “சிக்கு, இந்தப் பிள்ளை சொல்வது உண்மையா?” என்று கேட்டார். சிக்கு என்றால் மலாயில் டீச்சர்.

மத்தளம் சாப்பிடுமா? அவளுக்கு இப்படிச் சொல்லச் சொல்லி யாரோ பழக்கிவிட்டிருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. இத்தனை நாள் சந்தேகப்பட்டது சரி என்று உள்ளுக்குள் ஒரு நிறைவுகூட இருந்தது.

“எனக்குத் தெரியாது” என்றேன்.

செல்லி என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை.

மத்தளத்தைத் திருப்பித் தந்துவிட்டார்கள். பொட்டலத்தை வைத்துக்கொண்டார்கள். ஒரு மணி நேரத்தில் முனியாண்டி அண்ணனை ஆலையிலிருந்தே லோரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கைலியோடு போனார், சட்டை ஆலையில் ஆணியில் தொங்கியது.

6

ஆய்வாளர் முன்னால் செல்லி வாசித்தாள். ‘தத், தித்’ சரியாக விழுந்தது. ‘தொம்’ வர வேண்டிய இடத்தில் தகர டப்பாவைத் தட்டியதுபோல் ஒரு சத்தம். அவர் ஏதோ எழுதிக்கொண்டு, பிறகு தெரிவிப்பதாகச் சொல்லிப் போனார்.

லயத்தில் ஒரே பேச்சு. முனியாண்டியை இந்தியாவுக்குக் கப்பலேற்றப் போகிறார்களாம். அவர் இங்கே பிறந்தவர். பிறந்ததற்குக் காகிதம் இல்லை. உங்கள் ஊரை அவர் கண்டதே கிடையாது. நாகப்பட்டினத்தில் இறக்கிவிட்டால் எந்தப் பக்கம் நடப்பது என்றுகூடத் தெரியாத மனிதர்.

காட்டிக்கொடுத்தது மண்டோர் என்று எல்லோரும் முடிவு செய்தார்கள். நானும்தான். அண்ணன் மேல் எனக்கே சந்தேகம் இருந்தும், காட்டிக்கொடுத்தவர் மேல் கோபம் வந்தது. மறுநாள் பவளத்தை ஆர்மோனிய நாலிலிருந்து எழுப்பி, “நீ வீட்டுக்குப் போ” என்றேன்.

“ஏன் டீச்சர்?” என்றாள். நான் அடுத்த பிள்ளையை வாசிக்கச் சொன்னேன். ஒன்பது வயதுப் பிள்ளை.

சாயங்காலம் செல்லி மத்தளத்தோடு வந்து என் முன்னால் உட்கார்ந்தாள். “டீச்சர், கொஞ்சம் ரவ குடுங்க.”

கொடுத்தேன். தண்ணீர் விட்டுப் பிசைந்தாள். மத்தளத்தின் இடது பக்கத் தோலின் நடுவே வட்டமாக அப்பி, ஓரத்தை விரலால் வழித்தாள். தட்டினாள். தொம் என்று ஒரு நாதம் எழுந்து அடுக்களைப் பாத்திரம்வரை போய் அடங்கியது. நகத்தால் ரவையைச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி தட்டினாள். டப்.

“காஞ்சு போச்சுன்னா உதுந்துடும். அதான் மாமா இன்னொரு உருண்ட கட்டிக் குடுத்தாரு. எல்லாத்துக்கும் தெரியுமே. ஒங்களுக்கு மட்டும் எப்புடி டீச்சர் தெரியாமப் போச்சு?”

7

மறுநாளே கேட்டில் சீட்டு வாங்கிக்கொண்டு, செல்லியையும் மத்தளத்தையும் கூட்டிக்கொண்டு கோல சிலாங்கூருக்குப் பஸ் ஏறினேன். ஸ்டேசனில் ஒரு வெள்ளைக்கார அதிகாரி, தமிழ் பேசும் மொழிபெயர்ப்பாளர் ஒருவர், வாசலில் ஒரு மலாய்க் கார்ப்பரல்.

“கேட்டில் தெரியாது என்றீர்கள். இப்போது தெரியுமா?”

“இப்போது தெரியும்.”

“யார் சொல்லிக் கொடுத்தது?”

“இந்தப் பெண்.” என் மாணவியைக் காட்டி அப்படிச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. சொன்னேன்.

அவர் கோப்பைத் திறந்து எதையோ படித்தார். மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். “வெள்ளிக்கிழமைதோறும் டிரசர் வீட்டுப் பின்கதவில் ஒரு பிடி ரவை வாங்குகிறான். தனி ஆளுக்கு ரவை எதற்கு? ஒரு பிடியில் அவன் வயிறும் நிறையாது, காட்டில் இருக்கிறவன் வயிறும் நிறையாது. ஆனால் பிடி பிடியாய்ச் சேர்த்தால் மூட்டை.”

பிடி பிடியாய்ச் சேர்த்தால் மூட்டை. அது என் வாக்கியம். பூப்போட்ட கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, கிராணியம்மா சிரிக்க வேண்டும் என்பதற்காக நான் சொன்னது. அவர் சிரித்தார். பிறகு அது கிராணிக்குப் போய், துரைக்குப் போய், இங்கே காகிதமாக வந்து கிடக்கிறது.

மண்டோர் சன்னாசி எங்கும் இல்லை.

செல்லியை வாசிக்கச் சொன்னார்கள். ரவை இல்லாமல் ஒரு தடவை, ரவையோடு ஒரு தடவை. வெள்ளைக்காரர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. வாசலில் நின்ற கார்ப்பரல்தான் கிட்டே வந்து குனிந்து, அந்த ரவை வட்டத்தைத் தொட்டுப் பார்த்தார். அவர் தன் கம்பத்தில், அதாவது கிராமத்தில், கல்யாண ஊர்வலங்களில் கொம்பாங் என்னும் மலாய் மேளம் அடிப்பவராம். அடிப்பதற்கு முன் தோலுக்கும் சட்டத்துக்கும் நடுவே பிரம்பு வளையம் சொருகி இறுக்குவார்களாம், இல்லாவிட்டால் சத்தம் செத்துவிடுமாம். அதிகாரியிடம் அதைச் சொன்னார். அதிகாரி கோப்பை மூடினார்.

ஒன்பதாம் நாள் முனியாண்டி அண்ணன் திரும்பி வந்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. வாராவாரம் ஸ்டேசனில் கையெழுத்துக்குப் பதில் பெருவிரல் வைக்க வேண்டும் என்று நிபந்தனை. ஆய்வாளர் வெள்ளிக்கிழமைகளில் பள்ளிக்கூடத்தில், போலீஸ்காரர் கண்ணெதிரே, பாட்டு வகுப்பு நடத்த அனுமதித்தார். ரவைக்குத் துரையின் சீட்டு.

8

எல்லாம் நல்லபடியாக முடிந்ததுபோல் இருக்கும். முடியவில்லை. மண்டோர் பெரட்டு எடுக்க, அதாவது விடியலில் ஆட்களின் பெயர் கூப்பிட, களத்துக்கு வரும்போது ஆட்கள் எச்சிலைத் துப்புகிறார்கள். அவர் மனைவி குழாயடிக்கு வந்தால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்கிறார்கள். பவளத்தைத் திரும்ப ஆர்மோனியத்துக்குக் கூட்டிப் போனேன். மற்ற மூன்று பிள்ளைகளும் எழுந்துகொண்டார்கள். “அவ அப்பா காட்டிக்குடுத்தவரு டீச்சர். நீங்கதானே அன்னிக்கு வெரட்டுனீங்க?” இப்போது என் பக்கத்தில் தனியாக உட்கார்ந்து சுரம் எழுதுகிறாள். எந்த நாலிலும் அவள் இல்லை.

முனியாண்டி அண்ணனிடம் தனியாகச் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை வாயெடுத்தேன். சொல்லியிருந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். “விடுங்க டீச்சர், வெளிய சொல்லாதீங்க, ஒங்க மரியாத போயிரும்” என்பார். அவர் அப்படிப்பட்டவர்தான் என்று இப்போது நம்புகிறேன். என் மரியாதை பத்திரமாக இருக்கும். மண்டோர் மேல் எச்சில் விழுந்துகொண்டே இருக்கும். அதனால் எல்லோரும் கேட்கிற இடத்தில் சொல்ல வேண்டும். நேரில் நின்று சொல்லத் தைரியம் வராமல் எழுதுகிறேன் என்பதும் உண்மை. அதை மறைக்கவில்லை.

இந்த இதழ் கப்பலில் வந்து சேர ஆறேழு வாரம் ஆகும். வந்ததும் ஞாயிற்றுக்கிழமை மாலை பெரட்டுக் களத்தில் உரக்க வாசிப்பார்கள். அஞ்சு பேருக்கு மேல் கூடினாலும் அதற்கு அனுமதி உண்டு. என் எழுத்து வந்திருந்தால் வாசிப்பது செல்லிதான். முனியாண்டி அண்ணன் முன்னால் குந்தியிருப்பார். மண்டோர் தள்ளி, கொட்டகைத் தூணோரம் நிற்பார்.

செல்லி, இந்த இடத்தில் நிறுத்தாதே. என்னைப் பார்க்காதே. தொடர்ந்து படி.

முனியாண்டி அண்ணே, மண்டோர் சன்னாசி யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. கிராணி வீட்டில் சொன்னது நான். கேட்டில் தெரியாது என்று சொன்னதும் நான். மத்தளத்துக்கு ரவை எதற்கு என்று உங்களிடம் ஒரு வார்த்தை கேட்க எனக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. மண்டோர் அண்ணே, உங்கள் மகளை எழுப்பிவிட்டதற்கு இந்தக் களத்தில் எல்லோர் முன்னாலும் உங்களிடமும் பவளத்திடமும் மன்னிப்புக் கேட்கிறேன்.

இனி என் பள்ளிக்கு வந்து வாசிக்க மாட்டேன் என்று நீங்கள் சொன்னால், முனியாண்டி அண்ணே, அது நியாயம். ஆனால் பிள்ளைகளை விட்டுவிடாதீர்கள். ரவை எங்கள் அடுக்களையில் கீழ்த்தட்டில், நீல மூடி போட்ட டப்பாவில் இருக்கிறது. பின்கதவைத் தாழ் போடமாட்டேன். என் முகத்தில் விழிக்க வேண்டாம் என்றால் செல்லியை அனுப்புங்கள். வெள்ளிக்கிழமை காலையில் ஒரு பிடி தனியாக எடுத்து வைத்திருப்பேன்.